13 சாவி போல்ட் முடிஞ்சுது!

‘உங்கள் வேலை என்ன?’ பகுதிக்கு இந்த முறை பதில் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கிளிநொச்சியில் நெல் உலர்த்தும் மெஷின் செய்கிற ஒரு சின்னக் கொம்பனியில் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கிறேன். மொத்தம் 34 பேர், நீளமான தகரக் கொட்டகை ஒன்று, ஏசி போட்ட அறை ஒன்று. அந்த ஏசி அறையில் இருப்பது கணினி, நான் அல்ல. அதற்கு முன் பதினொரு வருடம் கொழும்புப் பக்கம் உடுப்புத் தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவில் காலம் போனது. கேள்வி அனுப்பியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்திருக்கிறேன். பரந்தன் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு உற்பத்திக் கொம்பனி ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் தேவை’ என்று விளம்பரம் போட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் பெரிய வங்கிகளைப் பற்றித்தான் வருகிறது. முப்பது நாற்பது பேர் இருக்கிற இடத்தில் இந்த ஆளுக்கு என்ன வேலை? (வாசகி, நெடுங்கேணி)

தங்கச்சி, வரைவிலக்கணத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு போல்ட் கதை.

நான் சேர்ந்தபின் வந்த முதல் தை மாதம். காலபோக வெட்டுத் தொடங்கிவிட்டது, மழை விட்டபாடில்லை. அந்த நேரம் வன்னியில் நெல் காயப்போட இடம் தேடுகிற பாடு உங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் முழுக்கப் படங்குதான். வெட்டு மெஷினில் வருகிற நெல்லில் ஈரம் பல வேளை 20 வீதத்தைத் தாண்டி இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் 14 வீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே எங்கள் மெஷினைத் தேடிச் சனம் வருவதும் அந்த ஐந்தாறு கிழமைக்குள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த போகம் வரைக்கும் கொட்டாவி.

அப்படியான ஒரு நாளில் வெல்டிங் பார்க்கிற அண்ணை ஸ்டோருக்கு வந்து, “தங்கச்சி, 13 போல்ட் முடிஞ்சுது. கெதியா எடுத்துத் தாங்கோ” என்றார். ஸ்டோரில் இருந்த பிள்ளை கொப்பியில் ‘போல்ட் 13’ என்று எழுதினாள். சாமான் வாங்குகிற தம்பி அதைப் பார்த்து, கொழும்புக் கடைக்கு வட்ஸ்அப்பில் ‘13 மி.மீ. போல்ட் 500’ என்று அனுப்பினான். கடைக்காரரும் பாவம், யோசித்திருக்கிறார். 13 மி.மீ. போல்ட் என்று யாரும் கேட்பதில்லை. அரை இஞ்சி என்றால் 12.7 மி.மீ.; சரி, அதைத்தான் கேட்கிறார்களாக்கும். நாலாம் நாள் பஸ்ஸில் பெட்டி வந்து இறங்கியது. 500 அரை இஞ்சி போல்ட். எங்கள் தகட்டில் துளைத்திருந்த ஓட்டை 9 மி.மீ.

அண்ணை கேட்டது எம்8 போல்ட், அதாவது 8 மி.மீ. தடிப்பு. அதன் தலையை இறுக்க 13ஆம் நம்பர் சாவி வேண்டும், ஆகவே பட்டறையில் அதற்குப் பெயர் 13 போல்ட். நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் சொல்லிவருகிறார். ஸ்டோர் லேபலில் அதே சாமான் ‘எம்8×25’. பொறியியலாளரின் படத்தில் பதினொரு எழுத்தில் ஒரு நீட்டு இலக்கம். கணக்குப் பிரிவில் ‘போல்ட், சின்னது’. ஒரு சாமானுக்கு நாலு பெயர், நாலு கொப்பி. ஒருவர்கூடக் கவனமில்லாமல் வேலை செய்யவில்லை. ஆனாலும் ஐந்து நாள் ஒரு மெஷினும் கேற்றைத் தாண்டவில்லை.

அந்த நாலு கொப்பியையும் ஒரே மேசையில் விரித்து, எது எதோடு பொருந்துகிறது, எந்தப் பெயரை எல்லோரும் ஏற்பது, அந்தப் பெயரை மாற்ற யாருக்கு உரிமை என்று பேசி முடிக்கிற ஆளுக்குத்தான் விளம்பரத்தில் அந்தப் பெரிய பெயர் போட்டிருக்கிறார்கள்.

பாடப்புத்தகம் இந்த வேலையை நாலு அடுக்காகப் பிரிக்கும். தொழில் எப்படி ஓடுகிறது, அதற்கு என்ன தரவு வேண்டும், அந்தத் தரவு எந்த சொஃப்ட்வெயரில் இருக்கிறது, அது எந்தக் கணினியில் எந்த வயரில் ஓடுகிறது. வங்கிகளில் கடைசி இரண்டு அடுக்கும் பெரிய தலையிடி, ஏனென்றால் நூற்றுக்கணக்கில் சொஃப்ட்வெயர் இருக்கும். எங்களைப் போன்ற இடத்தில் முதல் இரண்டு அடுக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது போல்ட்டை விடச் சிக்கலானது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360க்குப் போனது நினைவிருக்கும். அதே காலத்தில் உலகம் முழுக்க மைக்ரோசிப் தட்டுப்பாடு. நான் சேர முந்திய காலம் அது. எங்கள் பிள்ளைகள் கிடைத்த சிப்பை வைத்துக் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றி வடிவமைத்தார்கள், ஈரம் அளக்கிற சென்சரையும் வேறு வகைக்கு மாற்றினார்கள். கெட்டிக்கார வேலை, தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் எந்த மெஷினுக்கு எந்தப் பலகை போனது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த வருடம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு ஐயா தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, உங்கடை மெஷின் 14 எண்டு காட்டுது. கடிச்சுப் பாத்தா நெல்லு நசியுது.” அவருடைய பல்லில் பிழை இல்லை, எங்கள் சென்சரில்தான் பிழை. ஒரு தொகுதி சென்சர் சூட்டில் வழுகி, ஈரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. சரி, அந்தத் தொகுதி வேறு எங்கெங்கே போயிருக்கிறது? தெரியாது. எங்கள் தொழில்நுட்பத் தம்பி மோட்டார்சைக்கிளில் முத்தையன்கட்டு, முள்ளியவளை, விசுவமடு என்று அலைந்து 19 மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். அதில் பிழையான சென்சர் இருந்தது 6.

இப்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தகட்டில் தொடர் இலக்கம் அடித்திருக்கிறோம். அந்த இலக்கத்தைத் தட்டினால் எந்தப் பலகை, எந்தத் தொகுதி சென்சர், எந்தப் பதிப்பு மென்பொருள், யார் பூட்டியது, யாருக்கு விற்றது எல்லாம் வரும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் அது வருவதற்கு வடிவமைப்பு, கொள்வனவு, பட்டறை, விற்பனை, திருத்த வேலை என்று ஐந்து இடத்து ஆட்கள் ஒரே இலக்கத்தை ஒரே விதமாக எழுத வேண்டும். எனக்கு அதற்கு எட்டு மாதம் எடுத்தது. அதில் சொஃப்ட்வெயர் எழுதிய காலம் மூன்று கிழமை. மீதி முழுக்கத் தேத்தண்ணியும் பேச்சும்.

நேர்முகத்துக்குப் போனால் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒரு சாமான் மாறினால் யார் யாருக்குச் சொல்ல வேணும்?” மூன்று பேர் மூன்று பதில் சொன்னால் உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஒருவர் “எல்லாம் கொம்பியூட்டரில இருக்கு” என்று சொன்னால் இன்னும் கூடுதலாக வேலை இருக்கிறது. பிரின்டருக்கு மை போடுவதும் வைஃபை பாஸ்வேர்ட் கொடுப்பதும் உங்கள் பொறுப்பென்று சொன்னால், அது ஐடி உதவியாளர் வேலை. பதவிப் பெயரைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதுவும் கௌரவமான வேலைதான், தெரிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: என்ரை மகன் இந்த வேலைதான் செய்யிறான். வீட்டிலை இருந்து பார்த்தால் கொம்பியூட்டரிலை பெட்டி கீறி, அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறான். இதுக்கு யாராவது சம்பளம் குடுப்பினமோ? சம்பந்தம் பேச வருகிறவைக்கு என்ன வேலையெண்டு சொல்லுறது? (ஒரு அம்மா, தருமபுரம்)

அம்மா, சம்பளம் உண்மையான சம்பளமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுகிறார்களா என்று கேளுங்கள். சம்பளத்தில் 8 வீதம் மகனிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து, அதோடு ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளி போட வேண்டும். அது ஒழுங்காகப் போனால் அவர் கீறுகிற பெட்டிக்குப் பெறுமதி இருக்கிறது.

சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு “தொழிற்சாலையில எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, ஆர் ஆருக்குப் பொறுப்பு எண்டு ஒழுங்குபடுத்திற வேலை” என்று சொல்லிப் பாருங்கள். என் மாமியாருக்கு என் அம்மா “எஞ்சினியர் மாதிரி” என்று சொல்லிச் சமாளித்தார். பன்னிரண்டு வருடம் ஆகிறது, மாமி இன்னும் வீட்டு மின்விசிறி நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

கேள்வி: சின்னத் தும்புத் தொழிற்சாலை வைத்திருக்கிறேன், 12 பேர் வேலை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஈஆர்பி என்று, கொள்வனவு, ஸ்டோர், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு சொஃப்ட்வெயரைக் காட்டினார். வாங்கினால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், முள்ளியவளை)

அண்ணை, எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று யாராவது சொன்னால் முதலில் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து, “எந்தப் பிரச்சினை?” என்று கேளுங்கள்.

நீங்கள் மட்டையை எண்ணிக்கையில் வாங்குகிறீர்கள். தும்பைக் கிலோவில் விற்கிறீர்கள். கயிறு திரித்தால் அது மீற்றரிலோ கட்டிலோ போகும். மழைக்கு நனைந்த தும்பும் வெயிலில் காய்ந்த தும்பும் ஒரே நிறை அல்ல. ஆயிரம் மட்டைக்கு எத்தனை கிலோ தும்பு வரும் என்பது காய் வந்த தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்த அலகு மாற்றத்தில்தான் இருக்கிறது. வந்தவர் திரையில் காட்டிய படத்தில் இது இருந்ததா? அநேகமாக ஒரு பேனை வாங்கி ஒரு பேனை விற்பதைக் காட்டியிருப்பார். எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள்.

ஆகவே உங்கள் கொப்பியில் இருக்கிற ஒரு கிழமைக் கணக்கை அப்படியே அவரிடம் கொடுங்கள். கழிவு, நனைவு, அரைவாசியில் நிற்கிற வேலை, கடனுக்குக் கொடுத்தது, ஒன்றையும் துடைக்க வேண்டாம். “இதைப் போட்டுக் காட்டுங்கோ” என்று சொல்லுங்கள். காட்டினால் அடுத்த பேச்சு. காட்டாமல் “அதையெல்லாம் பிறகு செய்து தரலாம்” என்றால் அந்தப் ‘பிறகு’வுக்கு விலை எவ்வளவென்று எழுத்தில் கேளுங்கள்.

விலையில் இன்னும் சில பொறி இருக்கிறது. வருடா வருடம் கட்டுகிற தொகை டொலரிலா ரூபாயிலா? 2022ஐப் பார்த்த பிறகும் இதைக் கேட்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. 2024 தையிலிருந்து வற் வரி 18 வீதம், அதுவும் சேர்த்தா சொல்கிறார்? விட்டுப் போக நினைத்தால் உங்கள் தரவு முழுவதையும் எக்ஸெலில் எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் கதையை அதோடு முடியுங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போல இலவசமாக எடுக்கக்கூடிய ஈஆர்பிகளும் இருக்கின்றன. ஆனால் இலவசம் என்பது சொஃப்ட்வெயருக்குத்தான், அதை உங்கள் தொழிலுக்குப் பொருத்துகிற ஆளின் கூலி இலவசம் அல்ல.

என்னைக் கேட்டால் 12 பேருக்கு இந்த வருடம் நல்ல எக்ஸெல் போதும். ஆனால் அதை ஒருவர் மட்டும் எழுத வேண்டும், மற்றவர்கள் பார்க்க மட்டும். ஐந்து பேரின் தொலைபேசியில் ஐந்து பிரதி இருக்கிற எக்ஸெலை விடக் கொப்பி நல்லது. கொப்பி ஒன்றுதானே இருக்கும்.

கேள்வி: நான் வேலை செய்கிற இடத்தில் எல்லாவற்றையும் கிளவுட்டில், அதாவது இணையம் வழியாக எங்கோ இருக்கிற கணினியில், போட்டிருக்கிறார்கள். இணையம் போனால் மெஷினே நிற்கிறது. மேலதிகாரி ‘உலகமே கிளவுட்டுக்குப் போகுது’ என்கிறார். நான் பழைய ஆளா? (வாசகர், முருங்கன்)

பழைய ஆள் நீங்கள் அல்ல, தம்பி. உங்கள் மேலதிகாரி அடுக்கு மாறி யோசிக்கிறார்.

ஐஎஸ்ஏ-95 என்று ஒரு தரம் இருக்கிறது, சர்வதேச அளவில் ஐஇசி 62264 என்ற பெயரிலும் வந்தது. தொழிற்சாலையை ஐந்து மட்டமாகப் பார்க்கச் சொல்கிறது. அடியில் 0ஆம் மட்டம், உண்மையில் நடக்கிற வேலை: எங்களுக்கென்றால் நெல் காய்வது. 1இல் அளக்கிற சென்சரும் திறந்து மூடுகிற பாகங்களும். 2இல் அதை அந்த இடத்திலேயே பார்த்து முடிவெடுக்கிற கட்டுப்பாடு. 3இல் இன்றைக்கு எந்த வேலை, எந்த மெஷினில், யார். 4இல் ஓடர், கணக்கு, கொள்வனவு. மேலே போகப் போக அவசரம் குறையும். கீழே விநாடிக் கணக்கில், மேலே நாள் கணக்கில்.

எங்கள் உலர்த்தியில் விதை நெல் போட்டால் காற்றின் சூடு 43 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நெல் நெல்லாகத்தான் இருக்கும், முளைக்காது. அந்தச் சூடு கூடுகிறதென்று தெரிந்து, சிங்கப்பூரில் இருக்கிற கணினியைக் கேட்டு, பதில் வந்து, பிறகு உமி அடுப்பின் காற்றைக் குறைப்பதா? அந்த முடிவை மெஷினோடு இருக்கிற இருநூறு கிராம் பலகை தானே எடுக்க வேண்டும், இணையம் இருந்தாலும் சரி, ஏ9 வீதியில் எங்காவது கேபிளை வெட்டியிருந்தாலும் சரி. அது எடுத்த முடிவுகளின் பதிவு மட்டும் ஆறுதலாக மேலே போகட்டும். வலையமைப்பு இல்லாத நேரம் உள்ளே சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும். கணக்கையும் ஓடரையும் தாராளமாகக் கிளவுட்டில் வையுங்கள், அதற்கு அது நல்ல இடம்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மேலதிகாரிக்கு ஞாபகப்படுத்துங்கள். ஒரு சின்னக் கணினி, அதற்கு ஒரு யுபிஎஸ், தொழிற்சாலைத் தளத்தில். அலுவலக வைஃபையும் மெஷின் வலையமைப்பும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். எங்களிடம் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பெடியள் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினால் பரிசோதனை மேசையில் தரவு வருவது நின்றுவிடும். இரண்டு கிழமை சென்சரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: டோகாஃப் சான்றிதழ் எடுத்தால்தான் இந்த வேலை கிடைக்குமா? பரீட்சைக் கட்டணம் பெரிதாக இருக்கிறது. (வாசகர், வவுனியா)

டோகாஃப் என்பது இந்த வேலையை எப்படிச் செய்வதென்று சொல்கிற ஒரு வழிகாட்டி முறை. அந்தச் சான்றிதழைக் கேட்கும் இடமும் உண்டு, கேட்காத இடமும் உண்டு. கொழும்பு வங்கிக்கோ வெளிநாட்டுக்கோ போகிற எண்ணம் இருந்தால் எடுங்கள். இந்தத் துறையில் பலரும் தொடக்கமாகச் சொல்வது 1987இல் ஐபிஎம்மில் இருந்த ஜோன் சக்மன் எழுதிய கட்டுரையை. என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்று ஆறு கேள்வியாகப் பின்னர் அது விரிந்தது. டோகாஃப் 1995இல் வந்தது, பத்தாம் பதிப்பு 2022இல். சான்றிதழ் இல்லாமலும் படிக்கலாம். என் அனுபவத்தில் சின்னத் தொழிற்சாலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பாவிக்கவில்லை. சக்மனின் ஆறு கேள்வியை மட்டும் தினமும் பாவிக்கிறேன், காசில்லாமல்.

காசு இருந்தால் முதலில் தொழில்நுட்பப் படம் வாசிக்கப் பழகுங்கள். வெல்டிங் அண்ணையோடு ஒரு கிழமை நில்லுங்கள். 18 கேஜ் தகடு என்று அவர் சொல்வதும் 1.2 மி.மீ. என்று படத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தானாகத் தெரிய வேண்டும்.

கேள்வி: நானும் இதே வேலையில் இருக்கிறேன், தண்ணீர் பம்புக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற இடம். முதலாளி ‘நாங்கள் ஸ்டார்ட்அப், வேகமாக ஓட வேணும், நீ சட்டம் போட்டுத் தடுக்கிறாய்’ என்கிறார். நான் கீறிய படங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. என்ன செய்வது? (வாசகர், மாங்குளம்)

உங்கள் முதலாளி அரைவாசி சரி. இதைச் சொல்ல எனக்கும் வலிக்கிறது.

நான் வந்த முதல் மூன்று மாதமும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்து, எல்லோரிடமும் கேட்டு, 61 பெட்டியுள்ள ஒரு படம் கீறினேன். எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று நிறம் நிறமாக அம்புக்குறி. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஆளுயரத்துக்கு அச்சடித்து, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். முதல் கிழமை எல்லோரும் நின்று பார்த்தார்கள், தங்கள் பெயர் எங்கே இருக்கிறதென்று. இரண்டாம் கிழமை அதன் மேல் தேத்தண்ணிக் காசுப் பட்டியல் ஒட்டப்பட்டது. இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு நாள் பெயின்ற் அடிக்கிற இடத்துக்குப் போனேன், என் படம் நிலத்தில் விரித்துக் கிடந்தது, அதன் மேல் ஒரு உலர்த்திக் கதவு. “நல்ல தடிச்ச தாள் அக்கா, பெயின்ற் கீழ இறங்கேல்லை” என்றான் பெடியன். மனதாரப் பாராட்டித்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு படம் கீறுவதைக் குறைத்தேன். அரைப் பக்கத் துண்டு எழுதத் தொடங்கினேன். என்ன முடிவு, ஏன், எதை விட்டுவிடுகிறோம், யார் சம்மதித்தார்கள், எப்போது திரும்பப் பார்ப்பது. அவ்வளவுதான். இதுவரை 43 துண்டு இருக்கிறது. எங்கள் முதலாளி 61 பெட்டிப் படத்தை ஒரு நாளும் வாசிக்கவில்லை, ஆனால் துண்டு எண் 17ஐத் தொலைபேசியில் எனக்கே வாசித்துக் காட்டி “நாங்கள் அப்ப ஏன் இப்பிடி முடிவெடுத்தம்?” என்று சண்டை பிடித்திருக்கிறார். படிக்கிறார் என்றுதானே அர்த்தம்!

உங்கள் முதலாளியின் மற்ற அரைவாசிக்கு வருவோம். சிறுபோகத்துக்கு முன் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? என் அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்தவர், சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல். குளத்தில் எத்தனை அடி தண்ணி நிற்கிறது, அதற்கு இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணி திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எப்போது பூட்டுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். சத்தம் வானைப் பிளக்கும். ஒருவரும் முழுத் திருப்தியோடு எழும்பி வருவதில்லை. ஆனால் என்ன நெல் விதைப்பது, எந்தக் கடையில் உரம் வாங்குவது, யாருடைய உழவு மெஷினைப் பிடிப்பது என்று அந்தக் கூட்டம் ஒரு சொல்லும் பேசாது. அது அவரவர் பாடு. பொதுத் தண்ணியைத் தொடுகிற முடிவு மட்டும் கூட்டத்துக்கு வரும்.

நான் முதல் வருடம் விட்ட பிழை, உரக்கடையையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது. லீவு எடுக்க எந்த அப் பாவிப்பது, கூட்டக் குறிப்பை எங்கே எழுதுவது என்றெல்லாம் சட்டம் போட்டேன். சனம் வெறுத்துப்போனது. இப்போது ஒன்றைத்தான் பார்ப்பேன்: இந்த முடிவு பிழைத்தால் திருப்பி எடுக்க எவ்வளவு செலவாகும்? லீவு அப் பிழைத்தால் ஒரு பின்னேரம் போகும், யாரும் எதையும் எடுக்கட்டும். சாமான் இலக்கம் போடுகிற முறை, தொடர் இலக்கம், பலகையும் மென்பொருளும் பேசுகிற மொழி, வடிவமைப்புப் படங்களின் மூலப்பிரதி யாருடைய மடிக்கணினியில் இருக்கிறது, இவை பிழைத்தால் வயலில் நிற்கிற மெஷினை எல்லாம் தேடிப் போக வேண்டும். இவற்றில் மட்டும் நான் குறுக்கே நிற்பேன். மற்றதில் வாயைத் திறப்பதில்லை.

உங்கள் இடத்தில் அப்படிக் குறுக்கே நிற்க வேண்டியவை நாலோ ஐந்தோ இருக்கும். அதை எழுதி முதலாளிக்குக் கொடுங்கள். “இதுக்கு மட்டும் என்னைக் கேளுங்கோ, மற்றதெல்லாம் நீங்கள் ஓடுங்கோ” என்று சொல்லுங்கள். பம்புப் பெட்டி என்றால் அதில் முதலாவதாக நான் எழுதுவது, விற்ற பெட்டியின் மென்பொருளைத் தூரத்திலிருந்து மாற்ற முடியுமா, முடியுமென்றால் தோட்டக்காரர் தண்ணி இறைத்துக்கொண்டிருக்கும்போது அது மாறாமல் இருக்க யார் பொறுப்பு என்பது.

கேள்வி: இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? (வாசகி, புதுக்குடியிருப்பு)

‘நிறுவனக் கட்டமைப்பாளர்’ என்று எழுதிப் பார்த்தேன், கட்டட ஒப்பந்தகாரர் என்று நினைத்து ஒருவர் மதில் கட்ட விலை கேட்டார். பட்டறையில் எனக்குப் பெயர் ‘பெட்டி கீறுற அக்கா’. அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தங்கச்சி, நீங்கள் புத்தகத்துக்கு எழுதிறியள் எண்டு கேள்விப்பட்டன். போல்ட் கதையை எழுதினால் பிழை என்ரையில்லை எண்டு போடுங்கோ. (எங்கள் பட்டறையிலிருந்து, காட்போட் துண்டில்)

போட்டிருக்கிறேன் அண்ணை, மேலே பாருங்கோ. ஸ்டோர் டப்பாவில் இப்போது ‘எம்8×25’ என்ற லேபலுக்குக் கீழே ‘13 சாவி’ என்றும் எழுதியிருக்கிறது, இரண்டு பெயரையும் கணினியும் ஏற்றுக்கொள்ளும். மற்றது, அந்த அரை இஞ்சி 500இல் நீங்கள் கேற்றுக்கும் கோயில் கொட்டகைக்கும் எடுத்தது போக 412 மிச்சம் இருக்க வேணும். நேற்று எண்ணினேன், 396தான் இருக்கு. அதற்கும் ஒரு இலக்கம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை எடுக்கும்போது கொப்பியில எழுதிப்போட்டு எடுங்கோ.